விண்வெளிக்குச் சென்ற முதல் பெண் வாலண்டினா தெரெஷ்கோவா. பஞ்சாலைத் தொழிலாளியான அவரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?

பாராசூட்தான் காரணம். வோஸ்டாக் என்ற அன்றைய சோவியத் விண்கலத்தில் இருப்பவர் கலத்தோடு தரையிறங்க முடியாது. சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கையோடு வெளியே வீசப்படுவார். அதன்பின் பாராசூட்டில் இறங்க வேண்டும். கலம் பெரும்பாலும் தானாகவே இயங்கும் என்பதால், விமானியாக இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை. தெரெஷ்கோவா ரஷ்யாவின் யாரோஸ்லாவ்ல் நகரில் ஆலை வேலை பார்த்தபடியே விமானக் கழகத்தில் குதித்துப் பழகியவர். 1962இல் தேர்வான ஐந்து பெண்களில் அவரும் ஒருவர். டிராக்டர் ஓட்டுநரான தந்தை பின்லாந்துப் போரில் இறந்தவர் என்பதும் சோவியத் பிரச்சாரத்துக்குத் தோதாக அமைந்தது என்பது வேறு விஷயம்.

1963 ஜூன் 16 அன்று வோஸ்டாக்-6இல், 26 வயதில், தனியாகக் கிளம்பினார். கிட்டத்தட்ட மூன்று நாளில் பூமியை 48 முறை சுற்றினார். அதுவரை பறந்த அமெரிக்க வீரர்கள் எல்லோருடைய நேரத்தையும் கூட்டினாலும் இவ்வளவு வராது!

ஆனால் அவருடைய பெரிய சாதனையாக நான் நினைப்பது வேறு. கலத்தின் திசையமைப்பில் ஒரு பிழை இருந்தது. இறங்கும் நேரத்தில் இயந்திரத்தை இயக்கியிருந்தால் கலம் கீழே வராமல் இன்னும் மேலே போயிருக்கும். அதைக் கவனித்துச் சொன்னவர் அவர்தான். தரையிலிருந்து திருத்தம் வந்தது, உயிர் தப்பியது. தலைமைப் பொறியாளர் கொரொல்யோவ் கேட்டுக்கொண்டதால் இதைப் பல ஆண்டுகள் வெளியே சொல்லவில்லை. அந்த மௌனத்தில், அவர் சரியாகச் செயல்படவில்லை என்ற பேச்சுதான் பரவியது.

அடுத்த பெண்ணான ஸ்வெத்லானா சவிட்ஸ்கயா பறக்க 1982 ஆகிவிட்டது.