அம்மாவோடு இரண்டு நாள்: எங்கே சாப்பிடுவது?

வயதான அம்மாவோடு சாப்பாட்டுக்குப் பேர்போன ஊருக்குப் போகிறீர்கள், கடைகளின் நட்சத்திர மதிப்பீடுகளைப் பார்த்துத் தலை சுற்றுகிறது என்கிறீர்கள். நட்சத்திரத்தை விடுங்கள். சமீபத்திய விமர்சனங்களில் எந்தப் பதார்த்தத்தின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். அந்தக் கடையில் அதைத்தான் சாப்பிட வேண்டும். தங்குமிடத்தில் "நல்ல கடை எது?" என்று கேட்டால் பெரும்பாலும் சுற்றுலாக்காரர்களுக்கான பதில்தான் வரும். "நீங்கள் வீட்டாரோடு எங்கே போவீர்கள்?" என்று கேளுங்கள்.

அப்புறம், அம்மாவின் வயிறுதான் முக்கியம். கூட்டம் சேரத் தொடங்கும் நேரத்தில் போனால் எல்லாம் சூடாகக் கிடைக்கும், உட்கார இடமும் இருக்கும். சமைத்த உணவு 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கிடந்தால் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஆகவே ஆறிப்போய் ஏடு படிந்த குழம்பைக் கண்டால், எவ்வளவு புகழ்பெற்ற கடையானாலும் சரி, எழுந்து வந்துவிடுங்கள்.