வெள்ளிக்கிழமை பவுலிங் கிளப்புக்குப் போகலாமா?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். மெல்பர்னுக்கு வந்து நான்கு மாதம். கோவையில் ஒன்பது வருடம் அமெரிக்க வாடிக்கையாளர்களோடு ஆங்கிலத்திலேயே வேலை பார்த்தவர் நீங்கள். மீட்டிங்கில் திணறுவதில்லை. ஆனால் ஆபீஸ் டீ ரூமில் நாலு பேர் சேர்ந்து சிரித்தால், எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே பிடிபடவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் வெள்ளிக்கிழமை சாயந்திரம், புல்தரையில் குண்டு உருட்டி விளையாடும் பவுலிங் கிளப்புக்கு வரச்சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். போய் உளறி மானம் போவதைவிட, காசு கட்டி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்துவிடலாமா என்கிறீர்கள்.

கிளப்புக்குப் போங்கள். இங்கே ஒரு மனிதர் இரண்டாவது தடவை கூப்பிட்டார் என்றால் நிஜமாகவே கூப்பிடுகிறார் என்று அர்த்தம். மூன்றாவது தடவை கூப்பிட மாட்டார். உங்களுக்கு இஷ்டமில்லை, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று மரியாதையாக ஒதுங்கிவிடுவார். நம் ஊர் மாதிரி "வாங்க வாங்க" என்று கையைப் பிடித்து இழுக்கிற வழக்கம் கிடையாது.

நான் வந்து பதினாறு வருடம் ஆகிறது. முதல் ஐந்து வருடத்தை நீங்கள் யோசிக்கிற மாதிரியே யோசித்து வீணாக்கினேன். பதினோரு வருடமாகக் கிளப்பில் உறுப்பினர்.

வகுப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஆங்கிலம் குறைவில்லை. குறைவது காதும் நேரமும்தான். அவர்கள் விழுங்கிப் பேசுவதைப் பிடிக்கிற காது, சொல்ல வேண்டியதைச் சட்டென்று நடுவில் போடுகிற நேரம். வகுப்பில் வாத்தியார் நிறுத்தி நிதானமாகப் பேசுவார், நீங்கள் முடிக்கும்வரை காத்திருப்பார். டீ ரூமில் யார் காத்திருக்கிறார்கள்? மேடைப் பேச்சுப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பும் அப்படித்தான். மேடையில் ஏழு நிமிடம் பேச நன்றாகவே பழக்குகிறார்கள், ஆனால் மேடையில் நடுவில் புகுந்து யாரும் கிண்டல் செய்வதில்லையே. நூலகங்களில் நடக்கும் இலவச உரையாடல் வட்டம் கூச்சம் போக நல்லது. என்ன, மேசையைச் சுற்றி இருப்பவர்கள் முக்கால்வாசி நம்மைப் போல வந்தவர்கள். எல்லோரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து மெதுவாகப் பேசுவோம்.

இப்போது கிளப். லான் பவுல்ஸ் பார்த்திருக்க மாட்டீர்கள். நம் கோலி விளையாட்டைப் பெரிதாக்கிப் புல்லில் உருட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழிக்கப்பட்ட மாதிரி சீராக வெட்டிய புல்தரை, அதன் ஒரு முனையிலிருந்து சின்ன வெள்ளைப் பந்து ஒன்றை உருட்டிவிடுவார்கள். அதற்குப் பேர் ஜாக், இங்கே கிட்டி என்பார்கள். அதன் பக்கத்தில் யார் குண்டு போய் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. முன்பெல்லாம் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு இல்லாமல் உள்ளே விட மாட்டார்களாம். உறுப்பினர்கள் வயதாகிக் குறையக் குறைய, கிளப்புகள் கதவைத் திறந்து, வெறுங்காலோடு வந்து விளையாடுங்கள் என்று எல்லோரையும் கூப்பிட ஆரம்பித்தன. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன 'பேர்ஃபுட் பவுல்ஸ்' அதுதான்.

பேச்சுப் பழக இதைவிட வாகான இடத்தை நான் பார்த்ததில்லை. எப்படி என்று சொல்கிறேன். ஒரு முனையிலிருந்து எல்லோரும் உருட்டி முடித்ததும், குண்டுகளை எடுக்க எதிர்முனைக்கு நடப்போம். முப்பது மீட்டர் சொச்சம். அந்த நடையில் உங்கள் பக்கத்தில் ஒருவர் நடப்பார், ஏதாவது சொல்வார், நீங்கள் ஏதாவது சொல்வீர்கள். போய்ச் சேர்ந்ததும் பேச்சு தானாக அறுந்துவிடும். யார் குண்டு பக்கத்தில் என்று குனிந்து பார்க்க வேண்டும், சில நேரம் டேப் வைத்து அளக்க வேண்டும். நீங்கள் பேச்சைத் தொடரத் தெரியாமல் விட்டதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அடுத்த சுற்றில் வேறொருவர், வேறொரு முப்பது மீட்டர். ஒரு சாயந்திரத்தில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு குட்டிப் பேச்சுகள் கிடைக்கும். விருந்தில் கிளாஸைப் பிடித்துக்கொண்டு ஒரே ஆள் முன்னால் முக்கால் மணி நேரம் முழிக்கிற கொடுமை இதில் இல்லை. கண்ணைப் பார்த்துப் பேச வேண்டியதும் இல்லை, இருவரும் முன்னால் பார்த்துத்தான் நடப்போம்.

என் முதல் நாள் கதை. குண்டு ஒன்றரைக் கிலோ அளவில் இருக்கும், பார்க்க உருண்டை, ஆனால் சரியான உருண்டை இல்லை. ஒரு பக்கமாக வளைந்து போகிற மாதிரி செதுக்கியிருப்பார்கள். எந்தப் பக்கம் வளையும் என்பதற்குச் சின்ன வட்டம் ஒன்று குறியாக இருக்கும், அது உள்பக்கம் பார்க்கப் பிடிக்க வேண்டும். நான் மாற்றிப் பிடித்து உருட்டினேன். அது அழகாக வளைந்து, அடுத்த ரிங்க்கில், அதாவது பக்கத்து ஆடுதடத்தில், விளையாடிக்கொண்டிருந்தவர்களின் குண்டுகளைப் போய் இடித்தது. நாலைந்து பேர் ஒரே குரலில் "ராங் பயஸ்!" என்று கத்தினார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயஸ் என்றால் எனக்கு ஆபீஸ் பயிற்சியில் சொல்லித்தந்த பாரபட்சம் மட்டும்தான் தெரியும். யாரை என்ன சொல்லிவிட்டேன் என்று முகம் வெளுத்து நின்றேன். அப்புறம்தான் தெரிந்தது, குண்டின் சாய்வுக்கே அந்தப் பேர். மனச்சாய்வு என்ற அர்த்தமே இந்த விளையாட்டிலிருந்து போனதுதான். அன்றைக்கு என்னைக் கேலி செய்யாத ஆள் இல்லை. அந்தக் கேலிக்குப் பிறகு என்னிடம் பேச யாரும் தயங்கவும் இல்லை.

கேலியைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே உங்களைக் கிண்டல் செய்கிறார்கள் என்றால் சேர்த்துக்கொண்டார்கள் என்று பொருள். மிகையான மரியாதையோடு பேசினால்தான் நீங்கள் இன்னும் வெளி ஆள். இது எனக்கு உறைக்க இரண்டு வருடம் ஆனது. பேரையும் சுருக்குவார்கள். பாரி என்பவர் பஸ்ஸா, ஷரன் என்பவர் ஷஸ்ஸா. என் நீளப் பெயரை முதல் எழுத்தோடு வெட்டி அதே மாதிரி ஒரு வால் ஒட்டினார்கள். அப்பா வைத்த பெயராயிற்றே என்று முதலில் சுருக்கென்றது. இப்போது கிளப்பில் யாராவது முழுப் பெயரைச் சொன்னால்தான், ஏதோ தப்பு செய்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. உங்களுக்குப் பிடிக்காவிட்டால் முதல் நாளே சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள், விட்டுவிடுவார்கள்.

சில சொற்களில் நான் விழுந்து எழுந்திருக்கிறேன், நீங்கள் விழ வேண்டாம். "ஹவ் யா கோயிங்?" என்றால் எப்படிப் போகிறாய் என்ற கேள்வி இல்லை. நான் "ட்ரெயினில்" என்றேன். "நாட் பேட், யுவர்செல்ஃப்?" போதும், நின்று முதுகுவலியை விவரிக்க வேண்டாம். நாட் பேட் என்றால் நன்றாகவே இருக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். "யே, நா" என்றால் இல்லை, "நா, யே" என்றால் ஆமாம், கடைசியில் வருவதுதான் கணக்கு. சர்வோ என்றால் பெட்ரோல் பங்க். "சர்வோவைத் தாண்டி இடது பக்கம்" என்று வழி சொன்னார்கள் என்று அந்தப் பேரில் தெருவைத் தேடி அலைந்தவன் நான். "பிரிங் எ பிளேட்" என்றால் காலித் தட்டு எடுத்துப்போவது இல்லை, சாப்பிட ஏதாவது கொண்டு போக வேண்டும். மசால்வடை எடுத்துப் போங்கள், பத்து நிமிடத்தில் காலியாகும், அதில் என்ன போட்டீர்கள் என்று கேட்டே பத்துப் பேர் பேச வருவார்கள்.

முக்கியமானது ஒன்று. மெல்பர்னில் வானிலைக்கு அடுத்த பேச்சு ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து. எந்த அணி என்று கேட்பதற்கு நீங்கள் அமெரிக்கப் பழக்கத்தில் "ரூட் ஃபார்" என்று சொல்லிவிடப் போகிறீர்கள். இங்கே அந்த ரூட்டுக்குப் பெண்கள் முன்னால் சொல்லக்கூடாத அர்த்தம். நான் சொன்னேன், அதுவும் ஒரு பாட்டியம்மாவிடம். அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "பாரக் ஃபார்" என்பதுதான் இங்கத்திய சொல். பதினெட்டு அணிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டுக்குப் பக்கத்து அணியாக இருந்தால் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. காலிங்வுட் என்றீர்கள் என்றால் பாதிப் பேர் கட்டிக்கொள்வார்கள், மீதிப் பேர் மாலை முழுக்க வாருவார்கள். பேச்சுப் பழக அதுவும் ஒரு வழிதான்.

குடிக்க மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு பிரச்சினையும் இல்லை, யாரும் ஊற்றிக்கொடுத்து வற்புறுத்துவதில்லை. லெமன் லைம் பிட்டர்ஸ் கேளுங்கள். அந்தப் பிட்டர்ஸில் சொட்டு ஆல்கஹால் உண்டு, அதுவும் ஆகாது என்றால் வெறும் லெமனேட். ஆனால் 'ஷவுட்' கணக்கை மட்டும் மறக்காதீர்கள். ஒருவர் எல்லோருக்கும் வாங்கினால், அடுத்தடுத்த சுற்று மற்றவர்களுடையது. உங்கள் முறை வரும்போது கழிவறைக்குப் போகிற ஆள் என்று பேர் வாங்கினால், எவ்வளவு நல்ல ஆங்கிலமும் காப்பாற்றாது.

எல்லாமே இனிப்பு என்று சொல்ல மாட்டேன். "நிஜமாக எந்த ஊர்?" என்று மூன்று முறை கேட்கிறவர் ஒருவர் இருந்தார், அவரோடு நான் கடைசிவரை ஒட்டவில்லை. இன்னொருவர் என்னிடம் பேசும்போது மட்டும் குரலை உயர்த்தி, ஒவ்வொரு வார்த்தையாகப் பிரித்துச் சொல்வதாக எனக்குப் பட்டது. ஆங்கிலம் புரியாதவன் என்று நினைக்கிறாரா என்று பல வாரம் மனசுக்குள் பொருமினேன். ஒருநாள் அவர் மனைவியோடு பேசுவதைக் கேட்டேன். அதே சத்தம், அதே நிறுத்தி நிறுத்தி. பாவம், அவருக்குத்தான் காது மந்தம்.

புரியாதபோது ஒவ்வொரு தடவையும் "பார்டன்" கேட்காதீர்கள், பேச்சு நொண்டும். அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தையையே கேள்வியாகத் திருப்புங்கள். "சர்வோ?" என்றால் அவரே விளக்குவார். இதை ஒரு மாதம் செய்தாலே காது திறக்கும்.

உங்கள் மனைவி வீட்டிலேயே இருக்கிறார் என்றீர்கள். அவரையும் அழைத்துப் போங்கள், ஆண் பெண் சேர்ந்துதான் விளையாடுகிறார்கள். அவருக்கு ஆங்கிலம் அடிப்படையிலிருந்தே வேண்டும் என்றால், குடியேறிகளுக்கான அரசின் ஏமெப் (AMEP) வகுப்பு இலவசம். நிரந்தர விசாவில் வந்தவர்தான் என்பதால் விசாரித்துப் பாருங்கள். முன்பு 510 மணி நேரம் என்று வரம்பு இருந்தது, 2021இல் எடுத்துவிட்டார்கள். ஓடவோ நடக்கவோ பிடிக்கும் என்றால் சனிக்கிழமை காலை எட்டு மணி பார்க்ரன்னும் இருக்கிறது, அதற்கும் காசில்லை. ஓட்டத்தைவிட அதற்குப் பின்னால் வரும் காபிதான் நமக்கு வேண்டியது.

வருகிற வெள்ளிக்கிழமைக்கு: அடி தட்டையான செருப்பு, கழற்றி வைக்க வசதியாக. நாள் முழுக்கச் சுட்டெரித்தாலும் கையில் ஒரு ஜாக்கெட், ஏனென்றால் கூல் சேஞ்ச் என்கிற திடீர்க் குளிர்காற்று வந்தால் அரை மணியில் பத்துப் பதினைந்து டிகிரி இறங்கும். அதைப் பற்றியே முதல் முப்பது மீட்டரை ஓட்டிவிடலாம். விளையாட்டு முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள், குண்டுகளைத் துடைத்து அடுக்க ஒரு கை கொடுங்கள். நடுவில் ராஃபிள் சீட்டு விற்றுக்கொண்டு வருவார்கள், ஒன்றிரண்டு வாங்குங்கள். பரிசு பெரும்பாலும் ஒரு தட்டு நிறைய இறைச்சி. மாடும் பன்றியும் சாப்பிடாத எனக்குத்தான் இரண்டாவது வாரமே அது விழுந்தது. மேசையிலேயே வைத்து, மறுபடி குலுக்குங்கள் என்றேன். அது பக்கத்து ரிங்க்காரர்களுக்குப் போனது, முதல் நாள் என் குண்டு இடித்ததே, அவர்களுக்கு. அடுத்த வாரம் எனக்கு லெமனேட் வாங்கித் தந்தவர்களும் அவர்களேதான்.