மேடையில் உடையும் உருட்டு

கேள்வி: ஸ்நேர் டிரம்மில் தனி வாசிப்பு கற்றுவருகிறேன். வீட்டில் சரியாக வரும் மெல்லிய உருட்டு (இரு குச்சிகளும் மாறிமாறித் துள்ளி எழுப்பும் தொடர் ஒலி), மேடையில் விட்டுவிட்டு ஒலிக்கிறது. என்ன செய்வது?

பதில்: பதற்றத்தில் பிடி இறுகுகிறது; இறுகிய கையில் குச்சி துள்ளாது. என் முதல் மேடையிலும் இதே கதிதான். கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்குக் குச்சியை நெரித்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு கையையும் தனியே பழக்குங்கள். குச்சியை ஒருமுறை தோலில் விழவிட்டு, துள்ளல் தானாக அடங்கும்வரை காதுகொடுத்துக் கேளுங்கள். பெரும்பாலும் இடது கைத் துள்ளல்தான் முதலில் சாகும். அது வலது கைக்கு ஈடாக நீளும்வரை இரண்டையும் சேர்க்காதீர்கள். அவசரப்பட்டுச் சேர்த்து நான் பல மாதங்களை வீணாக்கினேன். மெல்லிய பகுதிகளை விளிம்பை ஒட்டி வாசியுங்கள். நடுவில் ஒலி வறண்டுவிடும்.

பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி என்ற தாளவாத்திய அமைப்பு தொகுத்த 40 ரூடிமென்ட்டுகளை, அதாவது அடிப்படை அடிமுறைகளை, நிதானமாகவே பழகுங்கள், தாளம் காட்டும் மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60 தட்டுகளில் இருந்தாலும் போதும். நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பிருந்து, தினமும் யாராவது ஒருவர் எதிரில் முழுவதையும் வாசியுங்கள். பிசகினாலும் நிறுத்தாதீர்கள்.