இராயபுரத்து மனநல மருத்துவரிடம் கேள்வி பதில்: தோற்ற பின்பும் கை ஏன் நீள்கிறது?

கேள்வி (தண்டையார்பேட்டை): டாக்டர், என் தம்பி கைப்பேசி ரம்மியில் மூன்று மாதச் சம்பளத்தைத் தொலைத்தான். தோல்வி அவனுக்குப் பாடமாகாதா?

பதில்: நரம்பியல் அறிஞர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸின் ஆய்வில், எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது குரங்கின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் வேகமாகத் துடித்தன, விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகியபின் அவை விளக்குக்கே துடித்தன, வரவேண்டிய சாறு வராத நொடியில் வழக்கத்தைவிட அடங்கின. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டிலிருந்தே மூளை கற்கிறது என்று ஷுல்ட்ஸ், டயன், மான்டேகு மூவரும் 1997-இல் எழுதினர். எப்போது வருமென்று கணிக்க முடியாத வெற்றி ஒவ்வொரு முறையும் வியப்பாகவே வருவதால், விளையாட்டின் மணியோசைக்கே தம்பியின் கை நீள்கிறது. தொலைபேசி எண் 14416-இல், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் ஆலோசனை இலவசம். தம்பியையே பேச வையுங்கள்.

கேள்வி (பெரம்பூர்): டோபமைனைக் குறைக்க எத்தனை நாள் விரதம் இருக்க வேண்டும்?

பதில்: விரதத்தால் அது குறையாது. டோபமைன் இன்பச் சாறு அன்று; கைகால் அசைவுக்கும் அது வேண்டும்.

கேள்வி (வியாசர்பாடி): நடுக்குவாதத்துக்குப் (பார்க்கின்சன் நோய்) பிரமிபெக்சோல் மருந்து எடுக்கும் என் அப்பா, ஒருநாளும் சூதாடாதவர், இப்போது கேரம் ஆட்டத்தில் பணம் கட்டுகிறார்.

பதில்: இதை அவருடைய குணக்கேடாகக் கொள்ளாதீர்கள். அம்மருந்து, மூளையில் டோபமைனை ஏற்கும் ஏற்பிகளைத் தூண்டுவது; சூதாட்ட ஆசை அதிலிருந்தே வந்திருக்கலாம். நடுக்குவாத நோயாளிகள் டோபமைன் மருந்தின்போது இலாபத்திலிருந்தும், மருந்து இல்லாதபோது இழப்பிலிருந்தும் நன்கு கற்பதை 2004-இல் மைக்கேல் ஃபிராங்க் குழுவினர் காட்டினர். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வெட்கத்தால் மறைப்பதே பெரும் கேடு.

கேள்வி (திருவொற்றியூர்): டோபமைன் கூடியிருக்கிறதா என்று இரத்தத்தில் பார்க்கலாமா?

பதில்: மூளையின் டோபமைனை இரத்தம் காட்டாது. பணத்தை வீணாக்காதீர்கள்.

கேள்வி (காசிமேடு): டீசலும் ஐஸும் போட்டுக் கடலுக்குப் போகிறோம், மீன்பாடு இல்லாமலும் திரும்புகிறோம். இதுவும் சூதுதானே?

பதில்: இல்லை. வலைக்குத் தப்பிய மீன்கூட்டம், நீரோட்டமும் காற்றும் எப்படி இருந்தன என்று உங்களுக்குச் சொல்லிவிட்டுப் போகிறது. படங்கள் சுழலும் சூதாட்ட இயந்திரத்தில் ஒரே ஒரு படம் பொருந்தாமல் தவறிய வெற்றி எதையும் சொல்வதில்லை. ஆயினும் அது வெற்றிக்கு விழிக்கும் மூளைப் பகுதிகளையே எழுப்பி, மீண்டும் ஆடும் ஆசையைக் கூட்டுவதை 2009-இல் லூக் கிளார்க் குழுவினர் கண்டனர்.

மறுகேள்வி (காசிமேடு): சரி டாக்டர், கடன் ஏறியபின், ஒரே மீன்பாட்டில் அடைத்துவிடலாம் என்று புயல் எச்சரிக்கையை மீறிப் போகிறோமே?

பதில்: அங்கே நீங்கள் சொல்வதே சரி, என் மறுப்பைத் திருத்திக்கொள்கிறேன். இழப்பில் நிற்பவர் அதை ஈடுகட்டத் துணிந்து இறங்குவார் என்பதை உளவியலாளர்கள் கானெமனும் டிவெர்ஸ்கியும் 1979-இல் விளக்கினர். புயல் கூண்டு ஏற்றிய நாளில், படகை எடுக்கலாமா என்ற முடிவைக் கடன் இல்லாத ஒருவரிடம் விடுங்கள்.