ஜின்னாவின் உயில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரம் கிறிஸ்டோபர் லீ நடித்த 'ஜின்னா' படம் பார்த்தேன். சின்ன வயதில் அட்டன்பரோவின் 'காந்தி'யில் பார்த்த ஜின்னாவுக்கும் இவருக்கும் ஸ்நானப்பிராப்திகூட இல்லை. எதை நம்புவது? அப்புறம், பார்சி வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டதால் மகளுக்குக் காலணா எழுதிவைக்கவில்லை என்று ஒரு வாட்ஸப் செய்தி சுற்றுகிறதே, உண்மையா? அந்த மும்பை வீடு என்ன ஆயிற்று?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

வாட்ஸப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அதுதான் சுலபம். பொய். மகள் தீனா நெவில் வாடியாவை மணந்தது 1938 நவம்பரில். ஜின்னா உயில் எழுதியது 1939 மே 30 அன்று. அதாவது கல்யாணம் நடந்து, பேச்சுவார்த்தையும் குறைந்து, ஆறு மாதம் கழித்து. அதில் மகளுக்காக 2 லட்சம் ரூபாயைத் தனியாக ஒதுக்கச் சொல்கிறார். 6 சதவீத வட்டி என்று கணக்குப் போட்டு, மாதம் 1,000 ரூபாய் அவர் ஆயுள் முழுக்க. அவருக்குப் பின் முதல் தொகை பிள்ளைகளுக்கு. வட்டி விகிதம் வரை உயிலிலேயே எழுதிவைப்பது வக்கீல் புத்தி. கூடப்பிறந்த மற்றவர்களுக்கு மாதம் நூறு நூறு ரூபாய். கூடவே இருந்த தங்கை ஃபாத்திமாவுக்கு மாதம் 2,000, பங்குப் பத்திரங்கள், மலபார் ஹில் வீடு.

எனக்கு அந்த உயிலில் பிடித்த இடம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. பம்பாய் பல்கலைக்கழகத்துக்கு 50,000. பம்பாய் அஞ்சுமன்-இ-இஸ்லாம் பள்ளிக்கும் டெல்லி அரபிக் கல்லூரிக்கும் ஆளுக்கு 25,000. மிச்சத்தை மூன்று பங்காக்கி அலிகர் பல்கலைக்கழகம், பெஷாவர் இஸ்லாமியா கல்லூரி, தான் படித்த கராச்சி சிந்து மதரஸா. முஸ்லிம்களுக்குத் தனி நாடு கேட்ட லாகூர் தீர்மானம் வருவதற்குப் பத்து மாதம் முன்பு எழுதியது இது. அன்றைக்கு இவையெல்லாம் ஒரே நாட்டில் இருந்தன. 1947க்குப் பிறகு வேறு உயில் எழுதவில்லை. பாகிஸ்தானின் முதல் கவர்னர் ஜெனரல் 1948 செப்டம்பர் 11 அன்று இறந்தபோது, அலிகருக்கும் பம்பாய்க்கும் பங்கு வைத்த அந்தப் பழைய உயில்தான் அவருடைய கடைசி வார்த்தையாக இருந்தது. நேரமில்லையா, மனமில்லையா என்று யார் சொல்ல முடியும்.

சரி, சினிமா. 'காந்தி'யில் ஜின்னாவாக வந்த அலிக் பதம்சீ, லிரில் சோப்பு விளம்பரத்தைத் தந்த அதே ஆள்தான். அவரும் ஜின்னாவைப் போலவே குஜராத்தின் கத்தியவாரில் வேர் கொண்ட கோஜா முஸ்லிம் குடும்பத்துக்காரர், பம்பாய்க்காரர். ஆனால் அந்தப் படத்துக்குத் தேவைப்பட்டது குறுக்கே நிற்க ஒரு ஆள். கோட்டும் சூட்டும் சிடுசிடுப்புமாக நிற்கிறார், அவ்வளவுதான். அதற்குப் பதில் சொல்லத்தான் அக்பர் அகமது 1998இல் ஜமீல் தெஹ்லவியை வைத்து 'ஜின்னா'வை எடுத்தார். டிராகுலாவாக நடித்தவரா நம் தேசத் தந்தை என்று பாகிஸ்தானில் ஒரே கூச்சல். தருவதாகச் சொன்ன பணத்தை அரசு தராமல் நிறுத்தியது. கிறிஸ்டோபர் லீயோ தன் நடிப்பிலேயே சிறந்தது இதுதான் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அவர் நடிப்பில் குறையில்லை. படம்தான் வழக்காடுகிறது. மேலுலகத்தில் கம்ப்யூட்டர் கோளாறால் ஜின்னாவின் கோப்பு தொலைந்துபோக, சித்ரகுப்தன் மாதிரி சஷி கபூர் அவரைக் கூட்டிக்கொண்டு திரிகிறார். எந்தப் பக்கம் தீர்ப்பு போகும் என்பது முதல் ரீலிலேயே தெரிந்துவிடுகிறது. இரண்டில் ஒன்றை நம்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை. நான் அந்த உயிலை நம்புகிறேன்.

வீட்டுக்கு வருகிறேன். கட்டடக் கலைஞர் கிளாட் பேட்லி வரைபடம் போட்டு, 1936இல் கட்டியது. இத்தாலியப் பளிங்கு, வால்நட் மரப் பலகை, கல்லுக்குக் கல் ஜின்னாவே நின்று பார்த்தாராம். 1944 செப்டம்பரில் காந்தி பலமுறை படியேறி வந்து பேசியது இங்கேதான். பிரிவினைக்குப் பிறகு இந்திய அரசு வீட்டை எடுத்துக்கொள்ளப் பார்த்தது. நேரு தயங்கினார். கராச்சியில் நம் தூதராக இருந்த ஸ்ரீபிரகாசாவிடம் (பிற்பாடு சென்னைக்கு கவர்னராக வந்தவர்) ஜின்னா கெஞ்சாத குறையாகச் சொல்லியனுப்பினார்: என் மனசை உடைக்காதீர்கள் என்று ஜவாஹர்லாலிடம் சொல்லுங்கள், வாடகைக்கு விட்டால் சின்ன ஐரோப்பியக் குடும்பமோ ரசனையுள்ள ஒரு சமஸ்தான ராஜாவோ இருந்தால் போதும், என்றைக்காவது நான் பம்பாய்க்குத் திரும்பி வருவேன். ஸ்ரீபிரகாசாவே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

ஐரோப்பியர் ஆசை நிறைவேறியது. எண்பதுகளின் தொடக்கம் வரை பிரிட்டிஷ் துணைத் தூதரகம் அங்கே இருந்தது.

2007இல் தீனா பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். வாதம் என்ன தெரியுமா? உயில் முறைப்படி நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்படவில்லை, கோஜாக்களின் வாரிசுரிமைக்கு வழக்கப்படி இந்துச் சட்டம்தான் பொருந்தும், ஆகவே ஒரே மகளான எனக்கே வீடு என்பது. உயிலை எடுத்துக் காட்டி வீடு ஃபாத்திமாவுக்குப் போய்விட்டது, அவர் பாகிஸ்தான் போனதால் அது விட்டுச்சென்ற சொத்து என்று எதிர்வாதம் செய்தது இந்திய அரசு. 2017 நவம்பரில் தீனா நியூயார்க்கில் இறந்தபோது அவருக்கு 98 வயது. வழக்கு அப்போதும் நடந்துகொண்டிருந்தது, மகன் தொடர்ந்தார்.