பதினாறு முழம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அம்மா,

வரும் தை மாதம் எனக்கு நிச்சயதார்த்தம். என் அப்பத்தா கட்டிய மாதிரி மடிப்பைப் பின்பக்கம் வைக்கும் பின்கொசுவமாகக் கண்டாங்கிச் சேலை கட்டிக்கொள்ள ஆசை. அப்பத்தா இப்போது இல்லை. என்னைப் பெற்ற அம்மாவுக்கு அந்தக் கட்டு தெரியாது. "அது வயக்காட்டு வேலைக்குப் போறவங்க கட்டு, அதையா சபையில கட்டுவே?" என்கிறார். யூடியூப் பார்த்து நாலு தடவை முயன்றேன். பத்து அடி நடந்தால் அவிழ்ந்துவிடுகிறது. ஜிப் வைத்துத் தைத்த பின்கொசுவச் சேலை இப்போது ஆன்லைனில் கிடைக்கிறது, பாவாடை மாதிரி மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதை வாங்கலாமா, இல்லை அது ஐயாயிரம் வருடப் பாரம்பரியத்துக்குச் செய்யும் துரோகமா? குடகுப் பெண்களும் பின்னால்தான் கொசுவம் வைக்கிறார்கள், அது நம்மிடமிருந்து போனதா? அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரு கட்டு, சாதிக்கு ஒரு கட்டு இருந்ததாமே, எவ்வளவு அழகு! இதையெல்லாம் யாராவது ஆவணப்படுத்தக் கூடாதா?

தி., பெங்களூரு

அன்புள்ள தி.,

போன வாரம் பரணைச் சுத்தம் செய்யும்போது டிரங்குப் பெட்டி ஒன்றை இறக்கினேன். அடியில் என் அப்பத்தாவின் கண்டாங்கி இருந்தது. அரக்கில் மஞ்சள் கட்டம், கையகலத்துக்குக் கறுப்புக் கரை. மடிப்பில் விரல் பட்டாலே கிழிகிறது. தரையில் விரித்து முழம் போட்டுப் பார்த்தேன். பதினாறு முழம். மறுநாள் உன் கடிதம் வந்தது. அந்தப் பெட்டியைத் திறந்திருக்காவிட்டால் நிச்சயதார்த்தத்துக்கு என்ன உடுத்துவது என்று கேட்கும் கடிதத்துக்கெல்லாம் நான் பதில் எழுதியிருக்க மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே, என் சுபாவம் அப்படி.

சில்லறைக் கேள்விகளை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். குடகில் ஒரு கதை சொல்வார்கள். காவிரி பெருகி ஓடியபோது பலமுரி என்ற இடத்தில் அவளை மறித்து நின்ற பெண்களின் கொசுவம் வெள்ளத்தின் வேகத்தில் பின்னுக்குத் திரும்பிவிட்டதாம். அன்றிலிருந்து அப்படியே கட்டுகிறார்களாம். இவ்வளவு நல்ல கதை கையில் இருக்கிறவர்களிடம் போய் "எங்களிடமிருந்து வாங்கியதுதானே" என்று பஞ்சாயத்து வைக்காதே. ஆவணப்படுத்துவது? நிறையப் பேர் செய்திருக்கிறார்கள், செய்துகொண்டும் இருக்கிறார்கள். அதற்கு நானும் நீயும் கவலைப்பட வேண்டாம்.

ஐயாயிரம் வருடத்தை யார் எண்ணிப் பார்த்தது? முன்பக்கம் கொசுவம், உள்ளே நாடா வைத்த பாவாடை, மேலே ரவிக்கை, முந்தானை இடது தோளில் என்று நீ அலுவலகத்துக்குக் கட்டிக்கொண்டு போகிறாயே, அது இந்த வடிவத்தில் இந்தியா முழுக்கப் பரவி நூற்றைம்பது வருடம்கூட ஆகியிருக்காது. கல்கத்தாவில் தாகூர் வீட்டு மருமகள் ஞானதானந்தினி தேவி. வெள்ளைக்காரர் ஆட்சியின் ஐ.சி.எஸ். அதிகாரப் பதவிக்கு இந்தியர்களில் முதலில் தேறிய சத்யேந்திரநாத்தின் மனைவி. 1860களில் கணவரோடு பம்பாய் போனவர், அங்கே பார்சிப் பெண்கள் கட்டுவதைப் பார்த்து, வெளியே நாலு பேர் முன்னால் போய்வர வசதியாக ஒரு கட்டை அமைத்துக்கொண்டார். ஊர் திரும்பியதும், கற்றுத் தருகிறேன் வாருங்கள் என்று பத்திரிகையில் விளம்பரமும் கொடுத்தார். உன் யூடியூப் அக்காக்களுக்கெல்லாம் அவர்தான் முன்னோடி. ஆகவே துரோகம் என்ற பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம். பெண்கள் வேலைக்கும் வெளியுலகத்துக்கும் தகுந்தபடி கட்டை மாற்றிக்கொண்டேதான் வந்திருக்கிறார்கள்.

சாதிக்கு ஒரு கட்டு, எவ்வளவு அழகு என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். சாதிக்கு ஒரு கட்டு எதற்கு இருந்தது என்று நினைக்கிறாய்? நூறு அடி தள்ளி வரும்போதே இவள் யார், தெருவுக்குள் விடலாமா, முன்னால் உட்கார வைக்கலாமா என்று கண்டுபிடிப்பதற்கு. தெற்குத் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் தோள்சீலை போட்டுக்கொண்டதற்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். சந்தையில் வைத்துத் துணியைக் கிழித்தார்கள். கடைசியில் 1859இல் அரசாணை வந்தது. மார்பை எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் உடுத்தக் கூடாது. உரிமை கொடுக்கிற ஆணையிலேயே கட்டுக்கு வேலி போட்டார்கள். அழகு இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை வாய்விட்டு வியப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம் நீ.

உன் அம்மா சொன்னதில் ஓர் எழுத்து தப்பில்லை. வயக்காட்டு வேலைக்குப் போனவர்களின் கட்டுதான் அது. செட்டிநாட்டுப் பெரிய வீட்டு ஆச்சிமாரும் கட்டினார்கள் என்பது வேறு. என் அப்பத்தா கட்டியது வேலைக்கு.

விடியுமுன் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போவதற்கு முன்னால் திண்ணைத் தூண் ஓரம் நின்று கட்டுவாள். விளக்கு கிடையாது, கண்ணாடி கிடையாது. நான் பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். சேலையின் ஒரு நுனியைப் பிடித்து விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே மடித்து மடித்து அடுக்குவாள். சரக் சரக் என்று சத்தம் கேட்கும், கஞ்சி போட்ட நூல் சேலை. அடுக்கிய கொசுவத்தை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு கையால் பிடித்துக்கொள்வாள். மற்றக் கை மீதிச் சேலையை முன்னால் சுற்றிக் கொண்டுவந்து அந்தக் கொசுவத்தின் மேலேயே இழுத்து இறுக்கும். பிறகு கொசுவத்தின் தலைப்பை வெளியே எடுத்து விசிறி மாதிரி மடித்துவிடுவாள். இன்னொரு சுற்று. மாராப்பு இடது தோளுக்குப் போகும். முந்தி முதுகு வழியாகச் சுற்றி வந்து இடுப்பில் செருகிக்கொள்ளும். முடிச்சு இல்லை, நாடா இல்லை, ஊக்கு இல்லை. உள்ளே பாவாடையும் இல்லை. துணியைத் துணியே பிடித்துக்கொண்டிருக்கும். கெண்டைக்கால் தெரிய ஏற்றிக் கட்டுவாள், சேற்றில் இறங்க வேண்டுமே. நடவுக்கு நாள் முழுக்கக் குனிந்து நிற்பாள், அவிழாது. கடலை பிடுங்கும் நாளில் முன்பக்கத்தை மடியாகப் பிரித்துவிட்டால் இரண்டு படி கடலை அதில் வீடு வந்து சேரும். முந்தி முனையில் காசு முடிச்சு. இடுப்பில் வெற்றிலைச் சுருக்குப்பை. அவளுக்குக் கைப்பையே தேவைப்பட்டதில்லை.

கொசுவம் என்ற சொல்லைப் பார். பழைய வடிவம் கொய்சகம். பூக்கொய்வதற்குச் சொல்லும் அதே கொய்தானாம். சேலையை மடித்து அடுக்குவதற்கும் கொய்தல் என்று பெயர் உண்டு. அந்த இருட்டில் அவள் விரல்கள் போன வேகத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

எனக்குப் பத்தொன்பது வயதில் கல்லூரி விடுமுறைக்கு வந்தபோது, எனக்கும் சொல்லிக்கொடு என்று அடம் பிடித்தேன். அப்போது எல்லோரும் வழுவழுப்பான நைலக்ஸ் சேலைக்கு ஆலாய்ப் பறந்த காலம். என்னிடம் இருந்ததும் அதுதான். அப்பத்தா கொசுவத்தை அடுக்குவாள், அது வழுக்கிக்கொண்டு ஓடும். "இது என்ன புள்ள, வெலாங்கு மாதிரி நழுவுது" என்றாள். அப்புறம் அம்மாவின் நூல் சேலை ஒன்றை எடுத்து வந்தேன். கொசுவம் நின்றது. ஒரு சுற்று வந்தது. மாராப்பு தோளுக்கு ஏறியது. அதற்கு மேல் துணி இல்லை. முந்தி தோளிலிருந்து இரண்டு சாண் தொங்கி நின்றுவிட்டது. அப்பத்தா என்னைச் சுற்றி வந்து பார்த்தாள். "துணி பத்தலடி" என்றாள். அவ்வளவுதான் அன்றைய பாடம்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று பேசப் போகிறேன், பொறுத்துக்கொள். உன் கட்டு ஏன் அவிழ்கிறது என்று உனக்குச் சொல்ல யாரும் இல்லை. விரலுக்குப் பழக்கமில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பாய். பதினாறு முழம் என்றால் எட்டு கஜம், ஏறக்குறைய 7.3 மீட்டர். இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சேலை 5.5 மீட்டர், கூட ஒரு ரவிக்கைத் துண்டு. கண்டாங்கியும் அப்படித்தான். ஆறடித் துணி குறைந்துவிட்டது, ஓர் ஆள் நீளம்! அந்த ஆறடிதான் கொசுவத்தின் மேல் சுற்றி அதை இறுக்கிப் பிடித்த துணி. ஐந்தரை மீட்டரிலும் பின்கொசுவம் வைக்கலாம் என்று வீடியோவில் காட்டுகிறார்கள், நானும் பார்த்தேன். ஒல்லியான பெண், நாலே நாலு மடிப்பு, உள்ளே பாவாடை, மூன்று இடத்தில் ஊக்கு. நிற்கும். குனிந்து பார்க்கச் சொல்.

நம் கட்டுகளை ஞாபக மறதி கொல்லவில்லை. உள்பாவாடை வந்தது, பிடித்துக்கொள்ளும் வேலையை நாடா எடுத்துக்கொண்டது, இனி எதற்கு இவ்வளவு துணி என்று நீளத்தைக் குறைத்தார்கள். துணி குறைந்ததும் கட்டு போய்விட்டது. மடிசாரைப் பார். ஐயர் வீட்டில் தலைப்பு வலது தோளுக்கு, ஐயங்கார் வீட்டில் இடது தோளுக்கு என்ற வித்தியாசம்வரை இன்றைக்கும் இருக்கிறது. அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு மட்டும் ஞாபகசக்தி அதிகமா? கல்யாணத்துக்கும் சடங்குக்கும் ஒன்பது கஜம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டே இருந்தார்கள், நெய்கிறவர்கள் நிறுத்தவில்லை. மராட்டியப் பெண்களின் நவ்வாரியும் அப்படித்தான், பெயரிலேயே ஒன்பது கஜம் இருக்கிறது. எங்கள் பக்கம் எட்டு கஜம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டவர்கள் வயக்காட்டுக் கிழவிகள், அவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். நூலையும் கரையையும் காப்பாற்ற ஒரு வழி பிறந்தது. நீளத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அப்பத்தா இறந்தது ஒரு மாசி மாதம். குளிப்பாட்டி முடித்ததும் பிறந்த வீட்டுக் கோடி வந்தது. அவள் தம்பி மகன் காரைக்குடியில் அலைந்து திரிந்து வாங்கி வந்த நல்ல கண்டாங்கி, ஐந்தரை மீட்டர். பெண்கள் முன்கொசுவம் வைக்க மடிக்கத் தொடங்கினார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த சின்ன அப்பத்தா, "அவளுக்கு முன்னால வைக்காதீக" என்று எழுந்து வந்தாள். படுத்திருக்கும் உடம்புக்குப் பின்கொசுவம் வைப்பது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து இரண்டு பேர் இடுப்பைத் தூக்கிப் பிடித்தோம். ஒருத்தி நான். சின்ன அப்பத்தா கொசுவத்தை அடுக்கிப் பின்னால் வைத்துவிட்டு மேலே சுற்றப் பார்த்தாள். கோடிச் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். "துணி பத்தலயே ஆத்தா" என்றாள், என்னிடம் இல்லை, அப்பத்தாவிடம். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே பதினாறு முழம் இரண்டு இருந்தன. ஒன்றைக் கட்டிக்கொண்டு போனாள், கோடியை மேலே போர்த்தினார்கள். மற்றது போன வாரம் என் கையில் கிழிந்தது.

நீ கேட்டதையே மறந்துவிட்டேன் பார். ஜிப் வைத்ததை வாங்கிக் கட்டிக்கொள். நிச்சயதார்த்தத்துக்கு நாற்றா நடப் போகிறாய்? நல்ல நாளும் அதுவுமாக அவிழ்ந்துவிடுமோ என்று இடுப்பையே பிடித்துக்கொண்டு உட்காராமல் வந்தவர்களோடு சிரித்துப் பேசு. அம்மாவிடம் சண்டை போடாதே.

கல்யாணம் முடிந்த பிறகு ஒரு வேலை செய். காரைக்குடிப் பக்கம் கைத்தறி நெய்கிறவர் யாரையாவது நேரில் போய்ப் பார். தறியில் ஏற்றும் பாவு, அதாவது நீளவாக்கு நூல், ஒரு சேலைக்கு மட்டும் ஆனதில்லை, ஒரே பாவில் வரிசையாகப் பல சேலை இறங்கும். முந்தியை எங்கே போடுகிறார் என்பதுதான் நீளம். எட்டு கஜத்தில் முந்தி போடுங்கள் என்றால், பாவுக்குச் சேலை எண்ணிக்கை குறையும், ஒருத்திக்காக எப்படிப் போடுவது என்று முனகுவார். நியாயம்தான், அவருக்கும் வயிறு இருக்கிறது. அதனால் ஒரு பாவுக்கு எட்டு கஜமாக எத்தனை வரும் என்று கேட்டுக்கொண்டு அத்தனைக்கும் ஆள் சேர். உன் அலுவலகத்தில் இல்லாத பெண்களா? ஒன்று என் கணக்கில். அரக்கில் மஞ்சள் கட்டம், கறுப்புக் கரை. முன்பணம் எவ்வளவு என்று எழுது.