கர்ப்ப காலத்தில் இசை சிகிச்சையால் உண்மையில் பலன் உண்டா?

ஆறாம் மாதம் நடக்கிறது, வயிற்றில் ஹெட்போன் வைத்துப் பாட்டு போட்டால் குழந்தைக்கு மூளை நன்றாக வளருமா, இசை சிகிச்சை வகுப்புக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பலன் உண்டு. ஆனால் அது முதலில் உங்களுக்கு.

மொசார்ட் கேட்டால் அறிவு கூடும் என்ற பேச்சு 1993இல் வந்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் கலந்துகொண்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். பத்து நிமிடம் கேட்டபின் ஒரு வகைப் புதிரைக் கொஞ்சம் நன்றாகப் போட்டார்கள், அதுவும் கால்மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. கர்ப்பிணிகளோ குழந்தைகளோ அதில் இல்லவே இல்லை.

குழந்தைக்குக் காது கேட்கும் என்பது நிஜம். 25 வாரம் வாக்கில் சத்தத்துக்கு அசைய ஆரம்பிக்கும். வெளிச்சத்தம் மழுங்கித்தான் உள்ளே போகும். உங்கள் குரலோ உடம்பு வழியாகவே போய்ச் சேர்கிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள் அம்மாவின் குரலைக் கேட்பதற்காகச் சூப்பியைச் சப்பும் விதத்தையே மாற்றிக்கொண்டதை டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980இல் காட்டினார்கள். அதனால் வயிற்றில் ஹெட்போன் வைக்க வேண்டாம்.

தைவானில் 236 கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ஆய்வு 2008இல் வெளியானது. இரண்டு வாரம் தினமும் அரைமணி நேரம் இசை கேட்டவர்களுக்கு மன அழுத்தமும் பதற்றமும் குறைந்தன. பாட்டு, மழைச்சத்தம், எதுவானாலும் உங்களுக்குப் பிடித்ததாக இருக்கட்டும்.

கேட்பதைவிடப் பாடுவதைத்தான் நான் நம்புகிறேன். மகள் பிறந்த மூன்றாவது வாரம். தையல் வலி, பால் சரியாக இறங்கவில்லை, ராத்திரி ரெண்டு மணிக்கு அவளும் அழுவாள், நானும் அழுவேன். அம்மா, "வாயைத் திறந்து ஏதாவது பாடுடி, உனக்கே ஆறும்" என்றாள். எனக்குத் தாலாட்டு தெரியாது. "ஆராரோ ஆரிராரோ போதும், மிச்சத்தை நீயே போட்டுக்கோ" என்றாள். போட்டேன். வலிக்கிறது என்று பாடினேன். பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர் 'பால் போதலையா' என்று எல்லார் முன்னாலும் கேட்டதைப் பாடினேன். உங்கப்பா ஊரில் இல்லை என்று பாடினேன். பாடப் பாட மூச்சு நீண்டது. மார்பில் கிடந்தவளும் மெல்ல அடங்கினாள். நம் தாலாட்டுகளில் பிறந்த வீட்டுப் பெருமையும் மனக்குறையும் ஏன் அவ்வளவு இருக்கின்றன என்று அப்போதுதான் புரிந்தது. கைக்குழந்தைக்கா அர்த்தம் புரியப்போகிறது? ஒரு பெண் வாய்விட்டுச் சொல்ல அவளுக்குக் கிடைத்த இடம் அது.

லண்டனில் இதையே சோதித்தார்கள். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு இருந்த 134 தாய்மார்கள். குழந்தையோடு குழுவாகப் பத்து வாரம் பாடியவர்களில், சோர்வு மிதமாகவோ கடுமையாகவோ இருந்தவர்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிடச் சீக்கிரம் தேறினார்கள். 2018இல் அந்த முடிவு வெளிவந்தது. குழந்தையோடு நாலு பேர் சேர்ந்து பாடும் வகுப்பு கிடைத்தால் தாராளமாகச் சேருங்கள். குழந்தையின் அறிவுக்கு உத்தரவாதம் தருகிறவர்களிடம் பணம் கட்ட வேண்டாம்.

ஒன்று மட்டும். பிரசவத்துக்குப் பிறகு அழுகையும் வெறுமையும் இரண்டு வாரத்தைத் தாண்டினால், பாட்டை நம்பிக் காத்திருக்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள். இந்தியாவில் இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.